தொழிற்சங்கம் தரும் உரிமை

உத்திரமேரூர் என்றதும் குடவோலை முறை நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அம்முறையை விளக்குகின்றன. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெறார் என்பது அவற்றின் விதி. எனினும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவரே அத்தேர்வுக்கு உரியவர். உழைப்பொன்றையே உடைமையாகக் கொண்டவர்க்கு அவ்வவையில் இடமில்லை. அத்தகையோரும் ஒன்றுகூடித் தம் குறைகளை எடுத்துரைக்க வழி வகுத்ததே தொழிற்சங்கம்.

1918 ஏப்ரல் 27ஆம் நாள் பி.பி. வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க.வைத் துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் அரைமணியாக இருந்த உணவு இடைவேளை, சங்கத்தின் முயற்சியால் 40 நிமிடமாயிற்று. பத்து நிமிடம் சிறிதெனத் தோன்றலாம். ஆயின், தனியொருவர் அதனைக் கேட்டிருப்பின் வேலையையே இழக்க நேர்ந்திருக்கும். கூட்டாகப் பேசும் வலிமையே சங்கத்தின் முதற்பயன்.

இரண்டாம் பயன் சட்டப் பாதுகாப்பு. ஆலை நிர்வாகம் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்நிகழ்ச்சி சட்டத்தின் தேவையை நாட்டுக்கு உணர்த்தியது. 1926இல் இயற்றப்பெற்ற தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தாரை அத்தகைய வழக்குகளினின்று காத்தது. அச்சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேசும் தகுதியுடையது என்கிறது அது. எனவே, வெளியே நின்று பயனை மட்டும் எதிர்நோக்குவோர் தம் சங்கத்தின் குரலையே மெலியச் செய்கின்றனர்.

நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்துக்கு ஏற்பு வேண்டும் என்பதே அவர்தம் தலையாய கோரிக்கை. உயர்நீதிமன்றம் வரை சென்ற பின்னர், 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. நூறாண்டுக்கு முன் பெரம்பூரில் எழுந்த வினா நம் அண்டையிலும் எழுந்தமையை இதனால் அறிகிறோம்.

வயலிலும் கட்டடப் பணியிலும் உழைப்போர்க்கும் சங்கம் துணையாகும். கட்டுமானத் தொழிலாளர்க்கு 1994இல் அமைந்த நலவாரியம் கல்வி உதவி, விபத்து நிவாரணம், ஓய்வூதியம் முதலியன வழங்குகிறது. பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் அறியாதார்க்கு வழிகாட்டுவது சங்கத்தின் நற்பணி.

சந்தா செலுத்துவதோடு உறுப்பினரின் கடமை முடிவதில்லை. கூட்டத்துக்குச் செல்லுதல், தேர்தலில் வாக்களித்தல், கணக்குக் கேட்டல் ஆகியனவும் கடமைகளே. கணக்குக் காட்டாதவரை விலக்கிய ஊர் நம் ஊர். நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியேற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் சங்கத்தில் சேர்க. சேர்ந்தபின் அதனைச் செம்மையாக நடத்துக.