நல்ல கண்ணிலும் கத்தி வைக்கலாமா?



மாறுகண்ணை ராசி என்று சொல்லி அப்படியே விட்டுவிடுகிற வீடுகள் நம் நாஞ்சில் நாட்டில் இன்றும் உண்டு. வீட்டில் ராசிக்காரப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வைக்கிற பெயரோ வேறு. அந்தப் பெயரிலும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இரண்டு கண்களும் ஒரே பொருளை நோக்கினால்தான் தூரமும் ஆழமும் நுட்பமாகத் தெரியும். ஒரு கண் எந்நேரமும் விலகியே நின்றால் அந்தத் திறன் குறைந்துபோகும்.

மாறுகண்ணில் மூக்கின் பக்கம் திரும்புவதும் உண்டு. காதின் பக்கம் விலகுவதும் உண்டு. இங்கே நாம் எழுதுவது பின்னதைக் குறித்து. பெரும்பாலும் இது விட்டுவிட்டு வரும். களைப்பிலும் காய்ச்சலிலும், தூரத்தைப் பார்த்து யோசனையாயிருக்கும்போதும் கண் விலகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேராகிவிடும். புத்தளம் உப்பளத்து வெயிலில் நிறுத்தினால் பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். மடியில் வைத்து அருகில் பார்க்கிற தாய்க்குத் தெரியாதது, கரும்பலகையை நோக்கியிருக்கும் பிள்ளையைப் பார்க்கிற ஆசிரியருக்குத் தெரிவது இதனால்தான்.

கண்ணாடியோ, ஒரு கண்ணைச் சில மணி நேரம் மூடிவைப்பதோ சிலருக்குப் போதும். விலகல் மிகுந்தால் அறுவைச் சிகிச்சை. கண்ணை வெளியே எடுத்து வைத்துத் திருப்பிப் பொருத்துவார்கள் என்று பயப்படுகிறவர்கள் அநேகர். அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. அவற்றில் மட்டுமே வேலை நடக்கிறது.

முறைகள் இரண்டு. முதலாவது, இரு கண்களிலும் காதுப் பக்கத் தசையைக் கழற்றி, சில மில்லிமீட்டர் பின்னால் தைத்து இழுப்பைத் தளர்த்துவது. இரண்டாவது, ஒரே கண்ணில் வெளித்தசையைத் தளர்த்தி, மூக்குப் பக்கத் தசையில் ஒரு துண்டை நீக்கித் தைத்து இறுக்குவது.

அறுவை அரங்கு மருத்துவர்களுடையது. அதன் வாசலிலுள்ள பெஞ்சு எங்களுடையது. அங்கே பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, நல்ல கண்ணிலும் எதற்குக் கத்தி வைக்கவேண்டும்?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயில் இரு கண்களும் ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல. விலகல் இரண்டுக்கும் பொதுவானது. தூரத்தைப் பார்க்கையில் அதிகம் விலகினால் இரு கண் முறையையே மருத்துவர்கள் நெடுங்காலமாக விரும்பினார்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தால் அந்தக் கண்ணில் மாத்திரம் செய்து, நன்றாய்ப் பார்க்கிற கண்ணைத் தொடாமல் விடுவார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு எது மேல்? அமெரிக்கக் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழு ஒன்று 3 முதல் 10 வயது வரையுள்ள 197 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, மூன்று ஆண்டுகள் கவனித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. இரு கண் முறையில் நிறைவான பலன் கிட்டாதவர்கள் 46 சதவீதம். ஒரு கண் முறையில் 37 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேரிடலாம் என்பதால், ஒன்று மற்றதைவிட மேலென்று சொல்ல இடமில்லை என்றார்கள். ஆகையால், மருத்துவர் இரு கண் என்று சொன்னால் திடுக்கிடத் தேவையில்லை.

எங்களுக்கு முக்கியமாய்த் தோன்றுவது, எந்த முறையிலும் கண் மறுபடி விலகக்கூடும் என்பதே. இதை எதிர்பார்த்தே பல மருத்துவர்கள் கண்ணைச் சற்று உள்நோக்கி நிறுத்துகிறார்கள். முதல் சில நாட்கள் எல்லாம் இரண்டிரண்டாய்த் தெரிந்து பிள்ளை அழும். பெரும்பாலும் அது தானே மாறும். சில வாரங்கள் நீடித்தாலோ, உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

"கண் நேராகிவிட்டதே, இனி பஸ்ஸுக்குக் காசு செலவழித்து எதற்கு வரவேண்டும்?" என்று நின்றுவிடுகிற குடும்பங்கள் உண்டு. உங்கள் சபையில் இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளை இருந்தால், அடுத்த பரிசோதனை எப்போது என்று அதன் தாயிடம் கேளுங்கள்.