டர்போவைக் கொல்வது எது?

செங்கலடியிலிருந்து மேற்கே பிரியும் ஏ-5 வீதி, வயல்வெளிகளுக்கு நடுவே கரடியனாற்றைக் கடந்து, புல்லுமலை, மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளை மலைக்கு ஏறுகிறது. அந்த வீதியையும் அதிலிருந்து வயலுக்கும் குளத்துக்கும் பிரியும் கிரவல் பாதைகளையும் நம்பி வாழ்பவர்களுக்கு டீசல் வான் ஒரு குடும்பத் தொழில். நெல் மூட்டை, கலியாணக் கூட்டம், இரவில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நோயாளி என்று எல்லாவற்றையும் அதே வான்தான் சுமக்கிறது. இந்த வாகனங்களைப் பற்றி ஊர் கராஜ்களில் ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது: பழைய டொல்பின் வான் சாகாது, டர்போ பூட்டிய கே.டி.எச் வான் ஆளைத் தின்னும். இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. டர்போ டீசல் எஞ்சின் செலவு கேட்பது உண்மை. ஆனால் அதை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் டொல்பின் காலத்துப் பராமரிப்புப் பழக்கம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். டொல்பின் வானில் இருந்த டொயோட்டா 3எல் எஞ்சின் 2,779 சிசி கொள்ளளவு கொண்டது. டர்போ கிடையாது. வலு ஏறக்குறைய 91 குதிரைவலு, இழுவிசை 190 நியூட்டன் மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதே டொயோட்டாவின் கே.டி.எச் வரிசையில் முதலில் 2,494 சிசி கொண்ட 2கேடி எஞ்சினும், பிறகு 2,982 சிசி கொண்ட 1கேடி எஞ்சினும் வந்தன. ஜப்பானுக்கென வந்த வானில் அந்த 1கேடி 136 குதிரைவலுவும் 300 நியூட்டன் மீற்றர் இழுவிசையும் தந்தது. கொள்ளளவு கூடியது 7 வீதம் மட்டுமே. வலு கூடியது ஏறக்குறைய 50 வீதம், இழுவிசை 60 வீதத்துக்குக் கிட்ட. அந்த வீதியின் லுணுகலை ஏற்றத்தில் பதினான்கு பேருடன் மூன்றாம் கியரில் ஏறும் சாரதிக்கு இந்தக் கணக்கு காலுக்கடியிலேயே தெரியும்.

அந்த மேலதிக வலு வந்த வழியில்தான் எஞ்சினின் பலவீனமும் இருக்கிறது. 3எல் எஞ்சினில் டீசல் ஹெட்டுக்குள் இருக்கும் சிறு சுழல் அறையில் தெளிக்கப்படும். அதற்கு நூற்றுச் சொச்சம் பார் அழுத்தம் போதும். கே.டி.எச் எஞ்சின்களின் கொமன் ரெயில் முறையில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் தெளிக்கப்படுகிறது, அழுத்தமும் 1,000 பாரைத் தாண்டுகிறது. அந்த அழுத்தத்தைக் கசியாமல் பிடித்து வைக்க, இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கிடையே இரண்டு மூன்று மைக்ரோன் இடைவெளிதான் விட முடியும். தலைமயிரின் தடிப்பு அதைப்போல இருபது மடங்கு. அவ்வளவு நெருக்கத்தில் உரசும் உலோகங்களுக்கு வழுவழுப்பைக் கொடுப்பதும் அந்த டீசலே. டர்போவின் நிலையும் அப்படித்தான். கழிவுப் புகை தள்ள, நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றின் மேல் மிதக்கிறது. படலம் சில விநாடி அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தின்னும். பழைய எஞ்சின் அழுக்கை மன்னித்தது, புதியது மன்னிக்காது.

கராஜுக்கு வரும் வான்களில் அதிகம் கேட்கும் சொல் 'டர்போ போயிற்று' என்பது. 1கேடி எஞ்சினில் அந்த மரணம் பல வேளைகளில் டர்போவிலிருந்து வெகு தூரத்தில் தொடங்குகிறது. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு சிறு செப்பு வாஷர் இருக்கிறது. அது நாளடைவில் இறுகி அடைப்பை இழந்தால், எரியும் வாயு அதன் ஓரமாக மேலே கசிந்து வால்வு மூடிக்குக் கீழே புகும். அங்குள்ள எண்ணெய் அந்தச் சூட்டில் கருகித் தார்போலக் கட்டியாகிச் சம்புக்குள் விழும். சம்பின் அடியில் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள வலையில் அந்தக் கரி அப்பிக்கொள்ளும். எண்ணெய் ஓட்டம் குறையும்போது முதலில் தவிப்பது மிக வேகமாகச் சுழலும் பாகம், அதாவது டர்போ. அடுத்தது கிராங்க் பேரிங். டர்போவை மட்டும் மாற்றி, சம்பைக் கழற்றி வலையைப் பாராமல் வானை அனுப்பினால் புதிய டர்போவும் அதே எண்ணெய்ப் பஞ்சத்தில்தான் சுழலும். இரண்டாவது டர்போவும் போன பிறகு உரிமையாளர் எஞ்சினைச் சபிப்பார். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜெக்டர் பக்கம் 'சஃப் சஃப்' என்று கேட்கும் சத்தமும், ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே படிந்திருக்கும் கறுப்புக் கட்டியும் அதற்கு வெகு முன்பே எச்சரித்திருக்கும்.

எரிபொருளின் கதை நாட்டின் கதையோடு சேர்ந்தது. 2022 யூன் கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபாவானபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. ஓகஸ்டில்தான் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு விலை வித்தியாசம் இருக்கும்போது கலப்படத்துக்கு வேறு தூண்டுதல் தேவையில்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் 3எல் எஞ்சின் முணுமுணுத்தபடி ஓடும். கொமன் ரெயில் பம்பில் அது வழுவழுப்பில்லாமல் உலோகத்தைச் சுரண்டி, அந்தத் துகளை நான்கு இன்ஜெக்டருக்கும் அனுப்பும். அந்நாளைய எரிபொருள் வரிசையில் நிற்க அஞ்சி பரலிலும் கேனிலும் சேமித்த டீசலில் இன்னொரு பகையும் சேர்ந்தது, தண்ணீர். மாரி காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும் இந்தப் பகுதியில், பாதி நிரம்பிய டாங்கியின் சுவரில் இரவில் வியர்க்கும் நீரும் டீசலுக்கடியில் தேங்கும். டீசல் பில்டரின் அடியில் நீர் வடிக்கும் திருகு ஒன்று அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. மாரி மாதங்களில் அதை மாதமொருமுறை திறந்துவிட ஐந்து நிமிடம் போதும். கையில் காசிருக்கும்போது, கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை அடிப்பதும் நல்லதே. ஆனால் சுத்தமான பில்டருக்கு அது பதிலாகாது.

காற்றும் எண்ணெயும் இதே ஒழுங்கைக் கேட்கின்றன. அறுவடைக் காலத்துக் கிரவல் புழுதியை டர்போ மற்ற எஞ்சின்களை விட அதிகமாக உறிஞ்சுகிறது. கடதாசி எயார் பில்டரைக் கொம்பிரசர் காற்றால் திரும்பத் திரும்ப ஊதினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அந்தக் கிழிசல் வழியே போகும் மணல் டர்போ இறகின் விளிம்பை அரித்துவிடும். ஒயில் மாற்ற டொயோட்டா சொல்லும் 10,000 கிலோமீற்றர் சாதாரண ஓட்டத்துக்கு. புழுதி, சுமை, மலையேற்றம் மூன்றும் கூடிய ஓட்டத்துக்கு அது 5,000. ஏறக்குறைய 7 லீற்றர் பிடிக்கும் எஞ்சின் என்பதால் பலர் அந்த நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். மலையேறி வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவதும் இதில் சேரும். சுடச்சுட நிறுத்தினால் டர்போவுக்குள் நின்ற எண்ணெய் அங்கேயே கருகும். டைமிங் பெல்ட்டுக்கோ 100,000 முதல் 150,000 கிலோமீற்றர் வரை, நாட்டுக்கு நாடு வேறுபடும் கெடு உண்டு. ஜப்பானிலிருந்து பாவித்து வந்த வானின் மீற்றர் சொல்லும் எண்ணை நம்பி அந்தக் கெடுவைக் கணக்கிடுவது சூதாட்டம். வாங்கிய மாதமே பெல்ட்டை மாற்றுவது மலிவு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வெள்ளத்தில் இறக்குவதும் அவ்வாறே. காற்று வாயிலில் நீர் ஏறினால், நீரை அமுக்க முடியாத பிஸ்டன் தன் கம்பியையே வளைத்துக்கொள்ளும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: வாஷர் கசிவதும் பிஸ்டன் வெடிப்பதும் கம்பனியின் பிழை, அதற்கு ஏழைச் சாரதி ஏன் காசு கட்ட வேண்டும்? 1கேடி எஞ்சினில் அவ்வாறான குறைகள் இருந்தன, அவை அவுஸ்திரேலியா வரை பேசப்பட்டவை. பின்னாளில் மாற்றி வடிவமைத்த வாஷர்களும் வந்தன. ஆனால் குறை இருப்பது தெரிந்த பாகத்தைக் கெடு வைத்து மாற்றுவதுதான் அந்தக் குறைக்கு மருந்து. வாஷரின் விலை அற்பம், இன்ஜெக்டரைக் கழற்றிப் பூட்டும் கூலிதான் செலவு. பழையதெல்லாம் உறுதி என்ற எண்ணமும் சரித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. அதே எல் குடும்பத்தில் டர்போ பூட்டி வந்த 2எல்-டி எஞ்சின், சூடேறி ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது. டொல்பினை நீண்டநாள் காப்பாற்றியது அதன் வயதல்ல. குறைந்த அழுத்தமும் டர்போ இல்லாமையும்தான் காப்பாற்றின.

இரண்டாவது மறுப்பு ஈ.ஜி.ஆர் பற்றியது. கழிவுப் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அந்த வால்வு, உள்ளெடுக்கும் குழாயில் புகைக்கரியைப் படியவிடுகிறது என்பது மெய். அதனால் தகடு வைத்து அதை அடைத்துவிடும்படி பலர் சொல்கிறார்கள். அடைத்தால் எரிப்பறையின் வெப்பம் ஏறும், நைதரசன் ஒட்சைட்டுகள் கூடும், சில வான்களில் எச்சரிக்கை விளக்கும் எரியும். கரி படிவதற்கு ஒயில் ஆவியும், சரியாகத் தெளிக்காத இன்ஜெக்டரும் சம பங்காளிகள். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வதும், இன்ஜெக்டரைச் சோதிப்பதும் காரணத்தைத் தொடும் வேலை. தகடு விளைவை மட்டும் மறைக்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: இதற்கெல்லாம் காசு எங்கே? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டுக்குள் இருந்த வான்களே கைமாறின. விலை ஏறியது, வாகனம் முதிர்ந்தது, வாங்கியவர் கடனில் இருந்தார். அவரிடம் பராமரிப்பைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர் சொல்லும் புத்திமதிபோலக் கேட்கும். ஆனால் பற்றாக்குறை உள்ளவருக்குத்தான் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். 7 லீற்றர் ஒயிலையும் இரண்டு பில்டரையும் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்தவர், அறுவடைக் காலத்தில் வான் கராஜில் கிடக்கும் வாரங்களுக்கு ஹயர் வருமானம் முழுவதையும் இழக்கிறார். புதிய நெல்லினத்தையும் உர அளவையும் சொல்லித்தர கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கமக்காரரின் வருமானம் வாகனத்திலும் தங்கியிருப்பதால், டீசல் பில்டரில் நீர் வடிக்கவும் ஒயில் மூடியின் கரியைப் படிக்கவும் கற்பிக்க அங்கு ஒரு நாள் ஒதுக்குவது பொருத்தமான செலவுதான்.

எல்லோருக்கும் டர்போ தேவையா என்ற கேள்வியும் இங்கே நேர்மையாக எழ வேண்டும். மாதத்தில் சில முறை செங்கலடிக்கும் மட்டக்களப்புக்கும் சமதரையில் போய்வரும் குடும்பத்துக்கு 300 நியூட்டன் மீற்றர் இழுவிசை வெறும் பெருமை. அவர்களுக்கு டர்போ இல்லாத 2,986 சிசி 5எல் எஞ்சின் வான், புகைப் பரிசோதனையில் தேறும் நிலையில் கிடைத்தால், அதுவே அறிவான கொள்வனவு. பதுளை ஏற்றத்தில் வாரம் இருமுறை ஆள் ஏற்றிப் பிழைப்பவருக்கு டர்போ தன் விலையை உழைத்துத் தரும். ஆனால் முதல் மாதமே சம்பைக் கழற்றி வலையைப் பார்க்கவும், வாஷர், பெல்ட், பில்டர் எல்லாவற்றையும் மாற்றவும் அவர் தயாராக இருக்க வேண்டும். வானின் விலையைப் பேசும் மேசையிலேயே அந்தக் காசையும் எடுத்து வைக்க முடியாவிட்டால், அந்த விலைக்கு அந்த வானை வாங்க அவரிடம் பணம் இல்லை என்பதே பொருள்.