பெர்மாகல்ச்சர் என்றால் என்ன? ரப்பர் தோட்டங்கள் இருந்த பேராக் மண்ணில் இந்தப் பயிற்சி யாருக்குப் பயன்படும்?

மலேசியாவில் நடப்பட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் பேராக் மாநிலம் கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1877-இல் ஆங்கிலேய அதிகாரி ஹக் லோ அங்கே சில கன்றுகளை நட்டார். அதன் பிறகு பெருகிய கித்தா தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைத் தமிழர்கள் பால் வெட்டினார்கள். இப்போது அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன.

அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று மறுபடியும் மண்வெட்டியைக் கையில் எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் பெர்மாகல்ச்சர் பயிற்சி. ஈப்போ வட்டாரத்திலும் இது நடந்திருக்கிறது. "நம்ம பாட்டி லயத்து வீட்டு ஓரத்துல செஞ்சதுதானே இது, இதுக்கு ஒரு பயிற்சியா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடுவோம்.

பெர்மாகல்ச்சர் என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரென் ஆகிய இருவரும் 1970-களில் உருவாக்கிய முறை இது. 1978-இல் அவர்களுடைய முதல் புத்தகம் வெளிவந்தது. நிலையான வேளாண்மை என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை ஒட்டி இந்தப் பெயரை அமைத்தார்கள்.

வீடு, தண்ணீர், மரம், கால்நடை, மனிதர் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று உதவும்படி ஒரே நிலத்தில் திட்டமிட்டு அமைப்பதுதான் இதன் அடிப்படை. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தீனியாக வேண்டும். மண்ணைக் காப்பது, மனிதரைக் காப்பது, மிஞ்சியதைப் பகிர்வது என்ற மூன்றும் இதன் நெறிகள்.

இதற்கான வடிவமைப்புச் சான்றிதழ் வகுப்பு உலகம் முழுக்க 72 மணி நேரப் பாடமாக நடத்தப்படுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரம் தங்கிப் படிப்பார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான ஒன்று வானகம். இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் அருகே ஒரு வறண்ட நிலத்தில் அதை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று அவர் மறைந்த பிறகும் அங்கே பயிற்சிகள் தொடர்கின்றன.

பயிற்சியில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

இடத்துக்கு இடம் அட்டவணை மாறும். ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் தங்கிப் படிக்கும் பயிற்சிகள் ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்.

தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். இங்கே பிரட்டு இல்லை. ஆனாலும் வெயில் ஏறுவதற்குள் உடல் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் வெளிச்சம் வந்ததுமே வேலை தொடங்கிவிடும். கோழிக்குத் தீனி வைப்பது, முட்டை எடுப்பது, நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, சமையல் கழிவைக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோவது என ஆளுக்கொரு முறை வரும்.

பசியாறிய பிறகு வகுப்பு. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார்கள். களிமண்ணா, மணலா, தண்ணீர் நிற்குமா என்று விரலே சொல்லும். பிறகு மட்கு உரம் போடுவது. காய்ந்த இலை, பச்சைத் தழை, சாணம் அல்லது கோழி எரு ஆகியவற்றை அடுக்கடுக்காக ஆள் மார்பு உயரத்துக்குக் குவிக்க வேண்டும். குவியலின் உள்ளே சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். நான்கு நாள் விட்டு, அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் புரட்டிப்போட்டால் 18 நாளில் உரம் தயாராகும். முதுகு வலிக்கும் வேலை இது.

மதியச் சமையலும் பாத்திரம் கழுவுவதும்கூடப் பாடம்தான். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சுமார் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு குழி வெட்டி, அதில் தழையை நிரப்பி, சுற்றிலும் வாழை நட்டு, அந்தத் தண்ணீரை அதற்குள் விடுவார்கள். வாழை வட்டம் என்று இதைச் சொல்லலாம். லயத்து வீட்டுக் குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் வாழை வைத்த பாட்டிக்கு இது புதிதாக இருக்காது.

மாலையில் வரைபட வேலை. பேராக்கில் அந்த நேரத்துக்கு அடிக்கடி மழை வந்துவிடும். மழை வந்தால் வகுப்பு நிற்காது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்று பார்ப்பதே அன்றைய பாடமாகிவிடும்.

பழைய ரப்பர் நிலத்தில் என்ன சிக்கல்?

பேராக்கின் மேட்டு நிலங்கள் பொதுவாகப் புளிப்புத் தன்மை கொண்டவை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழை, மண்ணில் உள்ள சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய இடங்களில் நிலைமை வேறு. அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மணல். தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. ஆனாலும் கோழி எருவைக் கொட்டிக் கொட்டி அந்த மணலிலேயே பல பத்தாண்டுகளாகக் காய்கறி விளைவித்தவர்கள் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் தேக்குவது பெர்மாகல்ச்சரின் புகழ்பெற்ற உத்தி. வறண்ட நாட்டுக்கு அது மிகவும் பொருத்தம். மழை கொட்டும் பேராக்கில், அதுவும் செங்குத்தான சரிவில், உபரி நீர் வெளியேற வழி வைக்காமல் அதை வெட்டினால் மண் சரியும். புத்தகத்தில் இருக்கிறதே என்று அப்படியே செய்யக் கூடாது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதா?

பாதி புதிது, பாதி பழசு. ரப்பர் கன்றுகளுக்கு நடுவே தரையில் படரும் அவரை இனக் கொடிகளை வளர்ப்பது மலாயாத் தோட்டங்களில் வழக்கம். அந்தக் கொடிகள் மண்ணுக்கு நைட்ரஜன் சத்தைத் தரும், லாலாங் புல்லை அடக்கும், மண் அரிப்பைத் தடுக்கும். சரிவில் படிக்கட்டு வெட்டுவதும் வண்டல் பிடிக்கும் குழி தோண்டுவதும் தோட்ட வேலைகள்தான். இன்று பயிற்சியில் இவற்றையே வேறு பெயரில் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டு ஓரத்தில் முருங்கை, கறிவேப்பிலை, பசலை. கொல்லையில் கோழி, மாடு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது பல குடும்பங்களைக் காப்பாற்றியது மரவள்ளிக்கிழங்கு.

ஆனால் தோட்டத்தின் மறுபக்கத்தையும் மறக்க முடியாது. களைக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே கொடுக்கப்பட்டது. பாராகுவாட் என்ற கடும் நஞ்சுக்கு 2002-இல் மலேசியா தடை அறிவித்தது, 2006-இல் அதைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. மருந்து அடித்த கைகளின் பிள்ளைகளுக்கு, நஞ்சில்லாமல் விளைவிப்பது வெறும் பொழுதுபோக்காகத் தெரியாது.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

உடனே முடியாது. கங்கோங் கீரை ஒரு மாதத்தில் சட்டிக்கு வரும். பப்பாளிக்கு முக்கால் வருடமாவது ஆகும். வாழைக்கும் மரவள்ளிக்கும் ஏறக்குறைய ஒரு வருடம். ஒட்டுக் கன்றாக வைத்த டுரியான் காய்க்கவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். முதல் ஆண்டுகளில் காய்கறிச் செலவு குறையும், அவ்வளவுதான். அதுவரை குடும்பத்துக்கு வேறு சம்பளம் வேண்டும்.

நிலம் யாருடையது?

இந்த இடத்தில்தான் பெர்மாகல்ச்சர் வகுப்பும் தோட்டப்புற வரலாறும் மோதுகின்றன. நிலத்தை ஒரு வருடமாவது நிதானமாகக் கவனித்துவிட்டு மரம் நடுங்கள் என்று வகுப்பில் சொல்வார்கள். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும், வைத்த முருங்கையும் போகும். 1980-க்கும் 2000-க்கும் இடையே தோட்டங்களிலிருந்து வெளியேற நேர்ந்த இந்தியர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இதை முன்பே உணர்ந்தவர் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

இன்றும் பலர் பயிரிடுவது 'டி.ஓ.எல்.' எனப்படும் தற்காலிக உரிமத்தில். அது அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது; புதுப்பிக்க வேண்டும். வைத்திருப்பவர் இறந்தால் பிள்ளைக்குத் தானாகப் போகாது. 2023 அக்டோபரில் ஈப்போவுக்கு வடக்கே சிம்மோர், கந்தான் பகுதியில் நீண்ட காலமாகக் காய்கறி பயிரிட்டு வந்தவர்களின் பயிர்களை அகற்ற இயந்திரங்கள் வந்தன. தடுக்கச் சென்ற சுங்கை சிப்புட் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ் கைது செய்யப்பட்டார். ஒரு வருட உரிமத்தில் டுரியான் நட யாருக்குத் தைரியம் வரும்?

சேருவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வேலை? சாப்பாடும் தங்குமிடமும் தந்து, பதிலுக்கு வேலை வாங்கும் இடங்கள் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் நாள் முழுக்கப் புல் வெட்டிவிட்டு ஒன்றும் கற்காமல் திரும்பினால், அது கூலி இல்லாத தோட்ட வேலைதான்.

இரண்டாவது, கற்றுத் தருபவர் இதே மழையில், இதே மண்ணில் எத்தனை வருடம் விளைவித்திருக்கிறார்? அவருடைய தோல்விகளையும் கேளுங்கள்.

மூன்றாவது, கற்ற பிறகு எங்கே நடப் போகிறீர்கள்? சொந்த நிலம் இருந்தால் மரத்தில் தொடங்கலாம். வாடகை வீடோ டி.ஓ.எல். நிலமோ என்றால் கீரை, வாழை, தொட்டிச் செடி, மட்கு உரம் என ஒரு வருடத்துக்குள் பலன் தருவதையும், தூக்கிக்கொண்டு போகக்கூடியதையும் தேர்ந்தெடுங்கள். நில அலுவலகத்தில் பத்திரத்தின் நிலையை விசாரிப்பதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு நடத் தெரியாமல் இல்லை. அவர் நட்ட மரம் அவருடையதாக இல்லை, அதுதான் வித்தியாசம்.