ராமானுஜன் பட்டியலில் இல்லாத எண்

கள்ளக்குறிச்சியின் அஞ்சல் குறியீடு 606202. அதைப் பிரித்துப் பார்த்தால் 2, 101, 3001 என்று மூன்றே மூன்று பகா எண்கள். மீதியில்லாமல் வகுக்கும் காரணிகள், 1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்தே எட்டுதான். ஆறு இலக்க எண்ணுக்கு இது கஞ்சத்தனம். 720720-க்கு 240 காரணிகள் உண்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. காரணிகளின் எண்ணிக்கையில் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் மிஞ்சும் இத்தகைய எண்ணை மிகுபகு எண் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் இலக்கணத்தை விரிவாக எழுதியவர் ராமானுஜன்.

அவர் இந்த மாவட்டத்துக்கு வேலை தேடி வந்தவர். மேற்கே கல்வராயன் மலையைக் கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான், 2019-ல் அது பிறந்தபோது, திருக்கோவிலூரும் சேர்ந்தது. 1910-ல் அது தென்னார்க்காடு. இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் அப்போது அங்கே டெபுடி கலெக்டர். அவரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார் ராமானுஜன். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிய ஐயர் வேலை தரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வருவாய்த் துறை செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்க்கலாம்.

1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் ராமானுஜனின் மிகுபகு எண் கட்டுரை வந்தது. அதில் 6746328388800 வரை ஒரு பட்டியல். கணினி இல்லாத காலத்துப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

2-ஐ 6 முறை, 3-ஐ 4 முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19-ஐ ஒவ்வொரு முறை பெருக்கினால் இந்த எண் வரும். முறைகள் குறைந்துகொண்டே போகின்றன, எங்கும் ஏறவில்லை. ஏறவும் முடியாது. 3-ஐவிட 5 அதிக முறை வந்தால், இரண்டையும் இடம் மாற்றி அதே எண்ணிக்கையில் காரணிகளோடு சிறிய எண் ஒன்றைச் செய்துவிடலாமே! கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்றும் ராமானுஜன் நிறுவினார். 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு.

ஒவ்வொரு முறையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. காரணிகள் 5040. அந்த 5040-உம் ஒரு மிகுபகு எண். தன் லட்சிய நகரத்தில் இத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று பிளேட்டோ தேர்ந்தெடுத்தது அதைத்தான். இன்னொரு வேடிக்கை: பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது, விடுபட்ட அதே எண்!

ஓர் எண் விடுபட்டதைப் பெரிய பிழையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டியலில்தான் ஓட்டை, தேற்றங்களில் இல்லை. எஃப்.ஏ. தேறாத ராமானுஜனுக்கு இந்தக் கட்டுரைக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. லண்டன் கழகத்துக்குப் பணமுடை என்பதால் கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. அது முழுமையாக வெளிவந்தது 1997-ல், அவர் பெயரையே தாங்கிய ஆய்விதழில்.