பதிவுப் புத்தகத்தில் 1.3, பெற்றோல் தாங்கியில் 2.6

இலங்கையின் பழைய வாகனச் சந்தையில் ஸ்போர்ட்ஸ் கார் தேடும் இளைஞர்களின் கண் மஸ்டா ஆர்.எக்ஸ்-8இல் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. நான்கு பேர் இருக்கலாம். பின்கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். ஆறு கியர் வகை 250 குதிரைவலு தரும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவு 1308 சிசி என்றுதான் இருக்கும். கொள்ளளவு பார்த்து வரி போடும் நாட்டில் அந்தச் சின்ன எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலையிலிருந்து படகுப்பாதைக்குக் காத்திராமல் மட்டக்களப்பு வாவியைக் கடந்து நகருக்கு வேலைக்குப் போய்வர முடிகிறது. அந்த ஓட்டத்துக்கு இப்படியொரு கார் சரிவருமா? பதில் எஞ்சினுக்குள் இருக்கிறது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். இதில் பிஸ்டனே இல்லை. நிலக்கடலைக் கோதுபோல நடுவில் சற்று ஒடுங்கிய அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர் ஒன்று சுழலும். அதன் மூன்று முகங்களும் சுவரோடு சேர்ந்து மூன்று அறைகளை உண்டாக்கும். ரோட்டர் சுழலச் சுழல ஒவ்வோர் அறையும் பெருத்துச் சிறுத்து, காற்றும் பெற்றோலும் கலந்ததை இழுத்து, நெருக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளும். ஜெர்மனியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட வழி இது. முதல் மாதிரி 1957இல் என்.எஸ்.யு. நிறுவனத்தில் ஓடியது. ஜப்பானின் மஸ்டா 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் காரில் இரண்டு ரோட்டர்களை வைத்தது. 1991இல் நான்கு ரோட்டர் கொண்ட மஸ்டா 787பி, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஆர்.எக்ஸ்-8 வெளிவந்த காலம் 2003 முதல் 2012 வரை.

இனி அந்த 1308 சிசி கணக்கு. ஓர் அறை 654 சிசி, ரோட்டர் இரண்டு. பிஸ்டன் எஞ்சின் தன் முழுக் கொள்ளளவையும் இழுத்து முடிக்கத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இதிலோ தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டருக்கு ஓர் அறை எரிகிறது. ஆகவே இது 2.6 லீற்றர் எஞ்சினின் அளவுக்கே காற்றை இழுக்கும். பெற்றோலும் அதற்கேற்பவே போகும். நகர ஓட்டத்தில் லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றரை எதிர்பார்க்கலாம். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிடைத்த வாரம் 20 லீற்றர், இந்தக் காரை 160 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோயிராது.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகச் சீல்கள் சுவரை உரசியபடியே ஓடும். அவை தேயாதிருக்க எஞ்சினே கொஞ்சம் ஒயிலை உள்ளே தெளித்து எரிக்கிறது. ஒயில் குறைவது பழுதல்ல. அதைப் பார்க்காமல் விடுவதுதான் பழுதைக் கொண்டுவரும். பெற்றோல் அடிக்கும் போதெல்லாம் ஒயில் அளவையும் பார்ப்பது நல்லது.

குறுகிய ஓட்டம் இதற்கு ஆகாது. வளவுக்குள் காரை நிழலுக்கு நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினால், எரியாத பெற்றோல் சீல்களின் ஒயிலைக் கழுவிவிடும். நெருக்கம் குறைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் சூடாகும்வரை ஓட விட்டே நிறுத்த வேண்டும். சந்தைக்கும் கோயிலுக்குமாக ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்கு இது பொருந்தாது. தினமும் நகரம் போய்வருபவருக்குப் பொருந்தலாம். ஆனால் மாரியில், கொக்கட்டிச்சோலை இருக்கும் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறும். தரைக்கும் இந்தக் காரின் அடிப்பகுதிக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அந்த நாட்களுக்கு வீட்டில் மோட்டார் சைக்கிளோ வேறு வாகனமோ இருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர் மைலேஜ் மீற்றரை நம்பிப் பயனில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணுங்கள். நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் நெருக்கம் குறைந்திருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். இக்னிஷன் கொயில்கள் எப்போது மாற்றப்பட்டன என்றும் கேளுங்கள். கொயில் பலவீனமானால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை உருக்கி அடைக்கும். புகை போக வழியில்லாமல் சூடு எஞ்சினுக்கே திரும்பும். சில ஆயிரம் ரூபாய் உதிரிப்பாகம் முழு எஞ்சினையும் கெடுப்பது இப்படித்தான்.

கடைசியாக, நெருக்க அழுத்தப் பரிசோதனை. கராஜ்களில் உள்ள சாதாரண அளவி மூன்று முகங்களில் நல்லதொன்றின் எண்ணை மட்டும் காட்டி ஏமாற்றும். முகத்துக்கு முகம் தனித்தனியே காட்டும் ரோட்டரி அளவியே வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் என்பது நல்ல எஞ்சின். 680க்குக் கீழே போனால் திருத்தவேலை நிச்சயம். இரண்டு ரோட்டர், தலா மூன்று முகம் எனப் பார்த்தால் ஆறு எண்கள். அந்த ஆறையும் எழுத்தில் தராதவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம். எண்கள் குறைவாக இருந்தும் கார் பிடித்துப்போனால், எஞ்சினைத் திரும்பக் கட்டும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.