உழவு இயந்திரம் இடைநடுவில் நின்றால்

கமக்காரர் ஒருவர் தம் மாட்டுக்கு நோய் கண்டால் அதன் வயிற்றைக் கீறிப் பார்க்கத் துணியமாட்டார். தின்றதா, குடித்ததா, சாணமிட்டதா என்று முதலிற் பார்ப்பார். நேற்று எங்கே மேய்ந்தது என்று வீட்டாரைக் கேட்பார். அதே கமக்காரர் தம் இருசில்லு உழவு இயந்திரம் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் ஸ்பனரைக் கையில் எடுத்துவிடுகிறார். இதனை எழுதும் நானும் அத்தவற்றைச் செய்தவனே. சென்ற சிறுபோகத்தில் அது எவ்வாறு நேர்ந்தது என்பதை மறைக்காமற் சொல்லுகிறேன்.

லான்ட்மாஸ்டர் என்று நம்மவர் பொதுப்படச் சொல்லும் இவ்வியந்திரம் இன்று வயலை உழுவதோடு நிற்பதில்லை. பெட்டியைப் பூட்டினால் அதுவே கமக்காரரின் லொறி. பசளை மூடை, விதைநெல், சந்தைக்குப் போகும் கத்தரியும் வெண்டியும் யாவும் அதிலேதான் ஏறுகின்றன. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர் உதிரிப் பாகங்களின் விலை ஏறிற்று. நகரத்துக் கராச்சுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோவதற்கே தனிச் செலவுண்டு. ஆதலின், சனி ஞாயிறு நாட்களில் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, தாமே திருத்திக்கொள்ள முனைவோரைக் குறை கூறுதல் நியாயமன்று. அவ்வாறு செய்யப் பழகுதல் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் செய்கை பண்ணும் என் தாய்மாமன் ஒருவர், வெள்ளிக்கிழமை விடியற்காலை 6 புசல் விதைநெல்லை, அதாவது ஏறத்தாழ 125 கிலோகிராமை, ஊறவைத்தார். 24 மணித்தியாலம் ஊறி, பின்னர் 48 மணித்தியாலம் சாக்கில் முளைகட்டி, திங்கட்கிழமை விடியலில் விதைக்கவேண்டும் என்பது கணக்கு. சனிக்கிழமை கடைசிச் சேறடிப்பு. ஞாயிற்றுக்கிழமை பலகையடித்து மட்டப்படுத்தல். கணக்கிலே பிழையில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் இயந்திரம் நடு வயலிலே நின்றது.

எனக்கு அன்று விடுமுறை. விவசாயப் பாடசாலையிலே எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தியவன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. மாமா அழைத்தவுடன் சென்றேன்.

முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து டீசல் உண்டா என்று பார்த்தோம், நிறைய இருந்தது. மூடிவிட்டு ஹாண்டிலைச் சுற்றினோம், உடனே இயங்கிற்று. கால் மணித்தியாலம் சேறடித்தபின் மீண்டும் நின்றது. வடிகட்டி அடைத்திருக்கவேண்டும் என்று நான் தீர்ப்புக் கூறினேன். அதனைக் கழற்றிக் கழுவிப் பூட்டி, சிந்திய டீசலுக்கு ஈடாக மூடியைத் திறந்து சிறிது வார்த்தோம். இயங்கிற்று. “தம்பி, இனி நிக்காது பாரும்” என்றார் மாமா. பத்து நிமிடத்தில் நின்றது. அடுத்து காற்று வடிகட்டியின் சட்டியிலிருந்த சேற்றெண்ணெயை ஊற்றிவிட்டுப் புதிய எண்ணெய் இட்டோம். டீசல் எவ்வளவு குறைந்தது என்று மூடியைத் திறந்து பார்த்து மூடினோம். இயங்கிற்று, நின்றது. பின்னர் குழாயிற் காற்று நின்றிருக்கும் என்று எண்ணி அதனை வெளியேற்றினோம். அப்பொழுதும் அதே கதை.

ஒவ்வொரு முறையும் நாம் செய்த வேலையே எஞ்சினை இயக்கியது என நம்பினோம். வாசகர் இதற்குள் உண்மையை ஊகித்திருப்பீர்கள். நாங்கள் ஊகிக்கவில்லை.

மாலையானதும் நான் இஞ்செக்டரைக் கழற்றினேன். அதன் அடியிலிருந்த செப்பு வாசர் சேற்றிலே விழுந்தது; விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் தேடியும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய டப்பாவொன்றிற் கிடந்த வேறொரு வாசரை இட்டுப் பூட்டினோம். பம்பிலிருந்து இஞ்செக்டருக்குச் செல்லும் உயரழுத்தக் குழாயின் நட்டுக்குப் பொருந்திய ஸ்பனர் எம்மிடம் இருக்கவில்லை. கூட்டிக் குறைக்கும் ஸ்பனரால் இறுக்கியபோது நட்டின் மூலைகள் மழுங்கின. புரியும் கோணலாக ஏறிற்று. அதன் பிறகு எஞ்சின் ஒரு முறைதானும் இயங்கவில்லை. காலையில் ஒரு பிழையோடு இருந்த இயந்திரத்துக்கு மாலையில் மூன்று பிழைகள். கடைகள் பூட்டியிருந்தன. வீட்டுத் திண்ணையிலே சாக்குகள் சூடேறிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலை உதிரிப்பாகக் கடையிலே புதிய குழாயும் வாசரும் வாங்கினேன். கடைக்காரர் முதியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “மூடியைத் திறந்து பாத்தனீங்களோ? திறந்தாப்பிறகு ஓடினதோ?” என்று இரண்டே கேள்விகள் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிற்று.

வெள்ளிக்கிழமை மாலை மாமாவின் மகன் தாங்கியை விளிம்புவரை நிரப்பியிருக்கிறான். பள்ளத்திலே குலுங்கும்போது டீசல் சிந்தாதிருக்க, மூடிக்கு அடியில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து இறுக்கியிருக்கிறான். நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். டீசல் தாங்கியிலிருந்து தன் பாரத்தாலேயே கீழிறங்குகிறது. இறங்கிய அளவுக்கு மேலே காற்று வந்து இடத்தை நிரப்புதல் வேண்டும். அதற்காகவே மூடியில் ஊசி நுழையத்தக்க துளையொன்று வைக்கப்பட்டுள்ளது. துளை அடைபட்டால் தாங்கியினுள் அழுத்தம் குறைந்து டீசல் இறங்காது நின்றுவிடும். தாங்கி நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்குள்ள இடம் சிறிதாதலின் எஞ்சின் இன்னும் விரைவில் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்றுப் புகும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை இயக்கியது நாங்கள் மூடியைத் திறந்த செய்கையே. நாங்கள் மூடியைத் திறந்து பார்த்தோமேயன்றி, மூடியைப் பார்க்கவில்லை. பொலித்தீன் டீசலில் நனைந்து மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கிடந்தது.

ஆகவே, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சின் இன்று நின்றால், கடைசியாக அதிற் கைவைத்தவர் யார், என்ன செய்தார் என்று கேட்பதே முதல் வேலை. எண்ணெய் மாற்றினாரா, கழுவினாரா, வேறு கலனிலிருந்து டீசல் வார்த்தாரா என்று வீட்டிலுள்ள பிள்ளைகள் உட்பட எல்லோரையும் கோபமின்றிக் கேட்டல் நன்று. கோபித்தால் பிள்ளை உண்மை சொல்லாது. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, அதன் பயனைப் பார்த்தபின்னரே மற்றொன்றைத் தொடுதல் வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்திற்று என்பது தெரியாது போகும். பூச்சிக்கு ஒரு மருந்தும் நோய்க்கு ஒரு மருந்தும் ஒரே நாளில் விசிறிவிட்டு எது பலித்தது என்று என்னைக் கேட்கும் கமக்காரர்களுக்கு நான் சொல்லும் விடையும் இதுவே.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. சிலிண்டரினுள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுவதால் 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகிறது. அவ்வேளையில் இஞ்செக்டர் பீச்சும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று, நெருக்கம், எரிபொருள் ஆகிய மூன்றும் இருந்தால் அது இயங்கியே தீரும். மூன்றையும் எதனையும் கழற்றாமலே சோதித்துப் பார்க்கலாம்.

நெருக்கத்தைத் தளர்த்தும் நெம்பை விடுத்து ஹாண்டிலை மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் அது வில்லைப்போல எதிர்த்துத் தள்ளவேண்டும். தள்ளினால் நெருக்கம் உண்டு. நெம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போது இஞ்செக்டரிலிருந்து “கிறீச்” என்று ஒலி கேட்டால் எரிபொருள் பீச்சப்படுகிறது. ஒலியில்லையெனில் பிழை எரிபொருட் பாதையிலுள்ளது. அப்பாதையை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: மூடியின் துளை, தாங்கியிலுள்ள டீசல், திறப்பான், வடிகட்டி, அதன்பின் பம்பு. வடிகட்டியின் அடியிலே தண்ணீர் தேங்கியிருப்பதும் உண்டு. 2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது கண்ட கண்ட கலன்களிலெல்லாம் டீசலைச் சேமிக்கும் பழக்கம் நம்மிடையே பரவிற்று. அது சிலரிடம் இன்னும் மாறவில்லை. கலனின் அடியிலே நிற்கும் கடைசி அரை லீற்றரைத் தாங்கியில் ஊற்றாதீர்கள். தண்ணீரும் மண்ணும் அங்கேதான் இருக்கும்.

வடிகட்டியைக் கழற்றினால் குழாயினுட் காற்றுப் புகுவது நிச்சயம். அதனை வெளியேற்ற, பம்பருகேயுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, குமிழிகள் நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டு, பின்னர் இறுக்குக. புகையும் பேசும். கறுப்புப் புகை பாரம் மிகுந்ததையோ காற்று வடிகட்டி அடைத்ததையோ காட்டும். நீலப்புகையாயின் மசகெண்ணெய் எரிகிறது. வெண்புகை எரியாத டீசலாகவோ, தண்ணீராகவோ இருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில் சிறிது வெண்புகை விடுவது இயல்பு.

இவ்வளவும் கமக்காரர் செய்யத்தக்கவை. காற்று வடிகட்டியைக் கழுவுதல், எண்ணெய் மாற்றுதல், பெல்ற்றின் இறுக்கத்தைச் சரிசெய்தல் ஆகியவையும் அவ்வாறே. பெல்ற்றின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் 2 முதல் 3 சென்ரிமீற்றர் தாழ்தல் போதும்.

பம்பினுள்ளே கை வைக்கலாகாது. அதனுள் ஆடும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கே. நம் விரலில் ஒட்டியுள்ள வயல் மண்ணின் ஒரு துகள் போதும், அதனைக் கீறிப் பாழாக்க. பம்பின் அடியில் வைக்கப்பட்டுள்ள மெல்லிய தகடுகள் எரிபொருள் பீச்சப்படும் நேரத்தைத் தீர்மானிப்பன. அவற்றில் ஒன்று தொலைந்தாலும் எஞ்சின் வலுவிழக்கும், அல்லது முட்டி ஒலிக்கும். அவ்வேலையைக் கராச்சுக்கு விடுக.

கழற்றத் துணிந்தவர் சேற்றிலே நின்று கழற்றலாகாது. இயந்திரத்தை வாசலுக்கு இழுத்து வந்து, கழுவி, கீழே வெள்ளைச் சீலை விரித்து, பகலிலே தொடங்குக. கழற்றிய நட்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலே ஒரு தட்டில் வைக்கவும். நட்டை முதலில் விரலாற் பல சுற்று ஏற்றிய பின்னரே ஸ்பனரை எடுக்கவும். விரலுக்கு ஏறாத நட்டு கோணலாகப் பிடித்த நட்டு. தம் எஞ்சினுக்குரிய அளவு ஸ்பனர்களை வாங்கி வைத்தல் சிக்கனமே. எஞ்சினின் பெயர்த்தகட்டிலுள்ள இலக்கத்தையும் எழுதி வைத்திருங்கள். சீன எஞ்சின்களில் 195 என்றிருப்பின் 1 சிலிண்டர், அதன் உள்விட்டம் 95 மில்லிமீற்றர் என்பது பொருள். அவ்விலக்கமின்றிக் கடைக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர் பலர்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு சொல். இஞ்செக்டர் பீச்சும் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 120 கிலோகிராம் அளவினது. மோட்டார்க் காரின் ரயரிலுள்ள காற்றோ 2 கிலோகிராம் அளவே. வெளியே எடுத்துச் சோதிக்கும் இஞ்செக்டரின் முன்னே கையை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் எறும்பு கடித்தது போலத் தோன்றினாலும் உடனே ஆசுபத்திரிக்குச் செல்லல் வேண்டும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்கவும். எஞ்சின் திருப்பி அடித்தாற் பெருவிரல் முறியாது தப்பும்.

விதைநெல்லுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். திங்கள் நண்பகல் இயந்திரம் வயலில் இறங்கிற்று. செவ்வாய் மாலைதான் விதைக்க முடிந்தது. ஞாயிறு மாலையிலேயே மாமி நான்கு சாக்குகளின் முளைநெல்லை நிழலிலே மெல்லிய படையாகப் பரப்பித் தண்ணீர் தெளித்துச் சூட்டை ஆற்றியிருந்தார். அதனால் முளை ஓட்டம் தாமதித்து, அந்நெல் இரண்டு ஏக்கருக்கு உதவிற்று. எஞ்சிய இரண்டு சாக்குகளும் திண்ணையின் மூலையில் மறக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றிலே வேர்கள் பின்னிப் பாய்போலாகிவிட்டன. பிரித்தபோது முளைகள் அறுந்தன. அது கோழிக்கும் மாட்டுக்கும் போயிற்று. மூன்றாம் ஏக்கருக்கு மாமா புதிதாக விதைநெல் வாங்கி எட்டு நாள் பிந்தி விதைத்தார். அறுவடை இயந்திரத்துக்கு அவ்வயலுக்கென இரண்டாம் முறை கூலி கொடுக்க நேர்ந்தது.

கடைசிச் சேறடிப்பு முடியுமுன் விதைநெல்லை முளைகட்டுவோர், இயந்திரம் நின்றுவிட்ட அன்றே சாக்குகளை அவிழ்த்துப் பரப்பிவிடுக. அதன் பின்னர் எஞ்சினிடம் செல்லலாம்.