மண்டையின் அடியில் முளைக்கும் குருத்தெலும்புக் கட்டி

மூளையில் குருத்தெலும்பே கிடையாது. ஆனாலும் தலைக்குள் குருத்தெலும்புக் கட்டி வருவதுண்டு. மண்டையோட்டின் மேற்கூரை சவ்விலிருந்து நேராக எலும்பாகிறது. அடிப்பகுதியோ கருவில் முதலில் குருத்தெலும்பாக இருந்து, பிறகுதான் எலும்பாக இறுகுகிறது. காதுப்புற எலும்பும் பிடரி எலும்பும் சேரும் இடுக்கில் அந்தக் குருத்தெலும்பு கொஞ்சம் மிஞ்சிவிடும். காண்ட்ரோசார்கோமா எனப்படும் அபூர்வமான புற்றுக்கட்டி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு அந்த இடுக்கை ஒட்டிப் போகிறது. அதனால் பலருக்கு முதலில் தெரிவது இரட்டைப் பார்வை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். இப்படி இருந்தால் கண்ணாடியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

சி.டி. ஸ்கேனில் எலும்பு அரித்திருப்பதும் வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்திருப்பதும் தெரியும். எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் கட்டி வெள்ளை வெளேரென்று இருக்கும். சிக்கல் என்னவென்றால், கார்டோமா என்ற இன்னொரு கட்டியும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். அது பெரும்பாலும் நடுக்கோட்டில் வரும், இது ஒரு பக்கமாக ஒதுங்கி வரும். ஆனால் இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எடுத்த திசுவில் பிராக்கியூரி என்ற புரதம் இருந்தால் அது கார்டோமா. இந்த வேறுபாடு மிக முக்கியம், ஏனென்றால் கார்டோமா திரும்பத் திரும்ப வரக்கூடியது. பாஸ்டனில் 200 நோயாளிகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு முதலில் கார்டோமா என்றே தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சையோடு புரோட்டான் கதிர்வீச்சும் பெற்ற அந்த 200 பேரில் 98 சதவீதம் பேருக்கு 10 ஆண்டுகள் வரை கட்டி கட்டுப்பாட்டில் இருந்தது.

இப்போது பல நேரங்களில் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு அறுவை செய்கிறார்கள். கட்டி பெரும்பாலும் கூழாக, மென்மையாக இருப்பதால் சுரண்டியும் உறிஞ்சியும் எடுக்கலாம். ஆனால் பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி துடித்துக்கொண்டிருக்கும். அது எங்கே என்று டாப்ளர் கருவியால் கேட்டுக் கேட்டுத்தான் நகர வேண்டும். கடைசியில் மூக்கு நடுச்சுவரின் சவ்வைத் திருப்பிப் போட்டுத் துளையை அடைப்பார்கள். இல்லாவிட்டால் மூளைத் தண்ணீர் மூக்கில் ஒழுகும்.

நரம்பையோ தமனியையோ பலிகொடுத்துக் கடைசித் துணுக்கையும் எடுப்பது சாமர்த்தியமல்ல. மிச்சத்துக்குக் கதிர்வீச்சு இருக்கிறது. சென்னையில் 2019 முதல் புரோட்டான் வசதியும் உண்டு.

மெதுவாக வளரும் கட்டி என்பதால் பல ஆண்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பயாப்ஸி அறிக்கையில் சந்தேகம் இருந்தால், திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கி, இத்தகைய கட்டிகளில் பழக்கமுள்ள நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள்.